ஜூப்பிட்டர்-8 லென்ஸின் 40.5 மி.மீ. மரைக்கு எந்த ஹூட் (வெயில் மறைக்கும் முன்குழாய்) சரியாக வரும்?

குறுக்குவெயில்:
லென்ஸ் ஜூப்பிட்டர்-8, 50 மி.மீ. எஃப் 2, எம்39 மவுண்ட் (திருகி மாட்டும் வகை). ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் டிஜிட்டல் கேமராவில் அடாப்டர் போட்டும், ஃபிலிமுக்கு ஜோர்கி-4 கேமராவிலும் பயன்படுத்துகிறேன். வெயில் பக்கவாட்டில் விழுந்தாலே படம் பால் ஊற்றினாற்போல் வெளுக்கிறது. 40.5 மரைக்கு 20 மி.மீ. நீள நேர்குழாய் ஹூட் போட்டேன். நாலு மூலையும் கருப்பு. "50 மி.மீ. லென்ஸுக்கு" என்று போட்டுத்தான் விற்கிறார்கள். வேறு என்ன வாங்கலாம்? லென்ஸே குட்டி, அதைவிடப் பெரிய ஹூட் வேண்டாம்.

அரைக்கோணம்:
ஹூட் வாங்கும்போது 50 மி.மீ. என்ற பெயரை நம்பாதீங்க, வாயின் உள் அகலத்தையும் நீளத்தையும் பாருங்க. கணக்கு ஒண்ணும் கஷ்டமில்லை. முன்னாலிருந்து பார்த்தால் தெரியும் அபர்ச்சர் துளையிலிருந்து ஹூட் விளிம்பு வரைக்குமான தூரத்தை 0.87ஆல் பெருக்குங்க, அதோடு துளையின் விட்டத்தைக் கூட்டுங்க. மூலை கறுக்காமலிருக்க உள் அகலம் அவ்வளவு வேணும்.

துளை கண்ணாடிக்குள் சுமார் 20 மி.மீ. ஆழத்தில் இருக்குன்னு வெச்சுக்குவோம். உங்க ஹூட்டையும் சேர்த்தால் 40. நாற்பதை 0.87ஆல் பெருக்கினாலே 35 ஆயிடுது. குழாயின் உள் அகலமோ 37 பக்கம்தான் இருக்கும். மிச்சம் 2 மி.மீ.; எஃப் எண் கூடக்கூடத் துளை சின்னதாகும், எஃப் 22க்கு மூடினால்தான் அது போதும். கருப்பு வராமல் என்ன செய்யும்?

அதே நீளத்தை 40.5-49 ஸ்டெப்-அப் ரிங் (சின்ன மரையைப் பெரிய மரையாக்கும் வளையம்) போட்டு 49 மி.மீ. ஹூட்டில் எடுத்தால் உள் அகலம் 47 கிடைக்கும். எஃப் 4 முதல் மூலை சுத்தம். எஃப் 2இல் கொஞ்சம் இருட்டும்தான், ஆனால் இந்த லென்ஸ் ஹூட் இல்லாமலே அங்கே இருட்டும். சின்னதாகவே வேணும்னா 40.5லேயே நீளம் 10 மி.மீ.க்கு மேல் போகாத ஹூட் எடுங்க. வெயில் தடுப்பு குறைவு, லென்ஸின் அழகு கெடாது. சென்சார் சின்னதான ஏபிஎஸ்-சி பாடியாக இருந்திருந்தால் இப்போ கையிலிருக்கும் குழாயே எஃப் 4இலிருந்து போதும்.

சோதிக்கும்போது ஃபோகஸை இன்ஃபினிட்டியில் (வெகுதூரத்தில்) வையுங்க, பார்வைக்கோணம் அங்கேதான் அதிகம். வெள்ளைச் சுவரை எஃப் 2இலும் எஃப் 16இலும் எடுங்க. திறந்த துளையில் இருட்டு மெல்லப் பரவும், கண்ணுக்குப் பிடிபடாது. மூடினால் கத்தியால் வெட்டினது போல் விளிம்பு தெரியும்.

தூசிதட்டி:
காசு செலவழிக்கும் முன் ஒன்று செய்யுங்கள். அதே வெயிலில் கேமராவை ஸ்டாண்டில் வைத்து, கண்ணாடிமேல் வெயில் படாதபடி ஃபிரேமுக்கு வெளியே உள்ளங்கையால் மறைத்து ஒரு படம், மறைக்காமல் ஒரு படம். மறைத்ததில் கருப்பு கருப்பாகத் திரும்பினால் ஹூட் உதவும். இரண்டிலும் ஒரே வெளுப்பு என்றால் கோளாறு உள்ளே இருக்கிறது. துளையை முழுக்கத் திறந்து பின்பக்கமிருந்து டார்ச் அடியுங்கள். பனி படர்ந்த மாதிரி மங்கல் தெரிந்தால் கிரீஸின் எண்ணெய் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்திருக்கிறது. அதைத் துடைக்காமல் எந்த ஹூட் போட்டும் பயனில்லை. கண்ணாடி சுத்தமாக இருந்தால் அடாப்டரின் உட்சுவரைப் பாருங்கள். பளபளக்கும் கருப்பு பெயின்ட் என்றால் கருப்பு வெல்வெட் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். மலிவான ஹூட்டின் உட்புறத்துக்கும் இதே வைத்தியம்தான். சாய்வாக விழும் வெளிச்சத்துக்கு வழவழப்பான கருப்பும் கண்ணாடி மாதிரிதான்.

சூரியன் ஃபிரேமுக்குள்ளேயே இருந்தால் ஹூட்டால் ஒன்றும் ஆகாது. இது 3 குழுவில் 6 கண்ணாடி உள்ள சொனார் அமைப்பு. காற்றைத் தொடும் பரப்பு ஆறுதான் என்பதால் பழைய லென்ஸ்களில் இது தேவலை. ஆனாலும் மினுக்கத்தைக் குறைக்கும் பூச்சு ஒற்றைப் பூச்சுதானே.

மரைக்காரர்:
பூவிதழ் வடிவ ஹூட் வேண்டவே வேண்டாம். ஃபோகஸ் திருப்பினால் இந்த லென்ஸின் முன்பகுதியும் கூடவே சுற்றும். இதழ் கோணல்மாணலாய் நின்று மூலையை வெட்டும். வட்டம்தான் சரி.

ஜோர்கியின் வியூஃபைண்டர் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை, அதனால் ஹூட் அதன் கீழ் மூலையை மறைக்கும். ஜன்னல் வெட்டிய ஹூட் அதற்குத்தான் உண்டானது, வெட்டு வழியாகப் பார்க்கலாம். மிரர்லெஸ்ஸில் அது வெறும் அலங்காரம்.

உலோகமா ரப்பரா என்றால் ரப்பர். உலோகம் இடிபட்டால் அடி நேரே அலுமினிய மரைக்குப் போய் வளையம் நெளியும். அந்த மரையின் பிட்ச் (புரிகளின் இடைவெளி) 0.5 மி.மீ.தான், மாட்டும்போது முதலில் இடப்புறமாகச் சுற்றி, 'டக்'கென்று உட்கார்ந்ததும் வலப்புறம் திருப்புங்க. கோணலாய் ஏறினால் மரை போச்சு. ஸ்டெப்-அப் ரிங் இறுகிவிட்டால் அகலமான ரப்பர் பேண்டைச் சுற்றித் திருகுங்க. இடுக்கியால் பிடித்தால் வளையம் முட்டை வடிவமாகி இன்னும் இறுகும்.

குறுக்குவெயில்:
கையால் மறைத்தால் கருப்பு திரும்புகிறது, டார்ச்சில் மங்கலும் இல்லை. அப்படியானால் 40.5-49 ரிங்கும் 49 ரப்பர் ஹூட்டும். யூவி ஃபில்டர் நடுவே இருக்கலாமா?

அரைக்கோணம்:
கழற்றிடுங்க. அது ஹூட்டை 4-5 மி.மீ. முன்னால் தள்ளும், மேலும் ரெண்டு பரப்பு மினுக்கும். ரப்பர் ஹூட்டைப் பின்னால் மடக்கினால் அபர்ச்சர் வளையத்தை மூடும். இந்த வளையத்தில் கிளிக்கும் இல்லை. மடக்கும்போது துளை நகர்ந்ததே தெரியாது. விரித்த பிறகு எண்ணை ஒருமுறை பார்த்துக்குங்க.