அம்மாவும் நிம்மதியாகச் சாப்பிட ஓர் இத்தாலிய உணவகம், சென்னையில் எங்கே?

வணக்கம். அடுத்த மாதம் அக்காவுக்கும் மாமாவுக்கும் 25-ஆவது திருமண நாள். நல்ல அழகான இத்தாலிய உணவகத்தில் 14 பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது அக்காவின் வெகுநாள் ஆசை. நுங்கம்பாக்கம், ஆழ்வார்பேட்டைப் பக்கம் தேடுகிறேன்.

என் கவலை அம்மாவைப் பற்றித்தான். சுத்த சைவம், முட்டையும் ஆகாது. அங்கேயே கையால் பிசைந்து செய்யும் பாஸ்தாவில் பெரும்பாலும் முட்டை சேரும். பாக்கெட் பாஸ்தா என்றால் பொதுவாகக் கோதுமை ரவையும் தண்ணீரும்தான். அசல் பார்மிசான் சீஸுக்குப் பாலை உறைய வைப்பதே கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட். பெஸ்டோ என்கிற பச்சை இலைச் சாஸிலும் அந்த சீஸ் வரும். இனிப்புகளில் பார்த்தால், டிராமிசுவில் முட்டை, பன்னா கோட்டாவில் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின். போன வருடம் ஓரிடத்தில் 'வெஜ்தான்' என்றார்கள். பாதி சாப்பிட்ட பிறகுதான் முட்டை என்று தெரிந்தது. அம்மா ஒன்றும் சொல்லாமல் தட்டை நகர்த்தி வைத்தார். அந்த முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

சமையல்காரரிடம் முன்கூட்டியே பேசவிடும் இடம் தெரியுமா? இத்தனை பேருக்கு முன்பணம் கேட்பார்களா? அப்புறம், அம்மாவுக்கு முழங்கால் வலி, படி ஏறாமல் போகிற இடமாக இருந்தால் நல்லது. போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.