2022 ஏப்ரலில் உங்கள் போனில் என்ன நடந்தது?

வெள்ளவத்தையிலிருந்து:
ஏப்ரல் 3, ஞாயிற்றுக்கிழமை. இலங்கையின் பொருளாதார நெருக்கடிக்கு எதிரான ஆர்ப்பாட்டங்களை அடக்க முதல் நாள் மாலை 6 மணிக்கே ஊரடங்கு. காலையில் எழும்பிப் பார்த்தால் பேஸ்புக்கும் இல்லை, வட்ஸ்அப்பும் இல்லை. டேட்டா முடிந்துவிட்டதாக்கும் என்று ரீலோட் போட்டேன், காசு வீண். பக்கத்து வீட்டுப் பெடியன்தான் மதிலுக்கு மேலால் எட்டிச் சொன்னான்: "அண்ணை, அரசாங்கம் பூட்டிப்போட்டுது. வீபிஎன் போடுங்கோ." தடையைச் சுற்றிப்போக விடும் செயலியாம்; அந்தச் சொல்லே எனக்கு அன்றுதான் தெரியும். பத்து நிமிடத்தில் அம்மாவின் போனிலும் போட்டாச்சு. இதில் பகிடி என்னவென்றால், அப்போதைய ஜனாதிபதியின் பெறாமகன், அப்போது அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்சவே தானும் வீபிஎன்னில்தான் வருவதாகவும் இப்படியான தடையால் பயனில்லை என்றும் ட்விட்டரில் எழுதினார். பின்னேரம் தடையை எடுத்துவிட்டார்கள்.

9ஆம் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் நடந்த ஆர்ப்பாட்டத்துக்குப் போனேன். யார் கூப்பிட்டது என்று என் பக்கத்தில் நின்ற ஒருவருக்கும் தெரியாது. எல்லாரிடமும் வட்ஸ்அப்பில் வந்த ஒரு படம் இருந்தது, அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
அண்ணை, நாங்கள் இங்கே போனில் பார்த்துக்கொண்டிருந்தோம். காஸ் வரிசையும் மின்வெட்டும் எங்களுக்கும்தான். ஆனால் "யாழ்ப்பாணம் ஏன் எழும்பவில்லை?" என்று கொழும்பு நண்பன் ஒருவன் பதிவு போட்டபோது கோபம் வந்தது. கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமார் 2017 பெப்ரவரி 20ஆம் திகதியிலிருந்து போராட்டத்தில் இருக்கிறார்கள். என் சித்தியும் அதில் ஒருவர். அவர்களின் படத்தைப் போட்டால் எனக்குப் பதினேழு லைக் வரும், அதில் ஐந்து சொந்தக்காரர்.

வெள்ளவத்தையிலிருந்து:
சரி தம்பி, மறுக்கவில்லை. மே 18 அன்று காலிமுகத்திடலில் முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்தார்கள், 2009 போரின் கடைசி நாட்களில் சனம் குடித்த கஞ்சியின் நினைவாக. எனக்கு முன்னால் நின்ற சிங்களப் பிள்ளை ஒன்று, ஏன் கஞ்சி என்று கேட்டது. போனில் எடுத்துக் காட்டலாம் என்றால் சிக்னல் இல்லை. எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் 2009ஐச் சொன்னேன். குடிக்காமல் கையில் பிடித்தபடியே கேட்டுக்கொண்டு நின்றது. அன்றிரவு படத்தைப் பேஸ்புக்கில் போட்டேன். விடியப் பார்த்தால் கீழே முழுக்கத் தூசணம். அழித்துவிட்டேன். அழித்திருக்கக் கூடாது என்று இப்போது படுகிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து:
சித்திக்கு இதை வாசித்துக் காட்டினேன். "கஞ்சிக்கு உப்புப் போட்டவங்களாமோ?" என்று மட்டும் கேட்டார்.