அப்பாவின் உயிலில் ஒரே ஒரு சாட்சிதான். வீடு யாருக்கு?

கும்பகோணத்துப் பெண்:
அப்பா தை மாதம் காலமானார். ரேஷன் கார்டு உறைக்குள் நான்காய் மடித்த ஒரு கோடுபோட்ட தாள் இருந்தது. வீடு முழுவதும் தம்பிக்கு என்று அப்பாவே கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். சாட்சியாகப் பக்கத்துவீட்டுக்காரர் ஒருவர் மட்டும். அப்பாவின் கையெழுத்துதான், சந்தேகமே இல்லை. பதிவு செய்யவில்லை. இது செல்லுமா? அம்மா, தம்பி, நான், அப்பாயி (அப்பாவின் அம்மா) இருக்கிறோம். தாத்தா இல்லை. எனக்குக் கல்யாணம் ஆகி 12 வருடம் ஆகிறது.

ஆவண எழுத்தர்:
வீடு அப்பா சொந்தமாகச் சம்பாதித்து வாங்கியதா? இந்துக் குடும்பம்தானே? மதத்துக்கு மதம் சட்டம் மாறும்.

கும்பகோணத்துப் பெண்:
ஆமாம் சார். 1994-இல் அப்பா சம்பளத்தில் வாங்கியது. இந்துதான்.

ஆவண எழுத்தர்:
அப்படியென்றால் அந்த உயில் செல்லாது. 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டம் 63-ஆம் பிரிவுப்படி குறைந்தது இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். கைப்பட எழுதியது என்பதால் விலக்கு கிடையாது. பதிவு செய்யாதது ஒரு குறையே இல்லை, சாட்சிக் குறைதான் பிரச்சினை.

உயில் இல்லாத கணக்குதான் இனி. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள், தாய் எல்லோரும் முதல் வகுப்பு வாரிசுகள். உங்கள் வீட்டில் ஆளுக்குக் கால் பங்கு. கல்யாணம் ஆனது உங்கள் பங்கைக் குறைக்காது. அப்பாயிக்கும் கால் பங்கு உண்டு, இதைத்தான் நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

கும்பகோணத்துப் பெண்:
அப்பாயிக்குமா! அவருக்கு 84 வயது. நாளைக்கு அவருக்கு ஏதாவது ஆனால்?

சேலத்து அண்ணன்:
எங்கள் வீட்டில் இதுதான் நடந்தது. பாட்டி உயில் எழுதாமல் போய்விட்டார். அவர் பங்கு சித்தப்பா, அத்தைக்கு ஆளுக்கொன்று, இறந்துபோன எங்கள் அப்பாவின் பங்கு பிள்ளைகளான எங்களுக்கு என்று பிரிந்தது. அம்மாவுக்கு அதில் ஒன்றும் இல்லை. வீட்டை விற்க அத்தனை பேரின் கையெழுத்தும் வாங்க நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

ஆவண எழுத்தர்:
அப்பாயி தன் பங்கை மனமுவந்து விட்டுக்கொடுப்பதானால் இப்போதே விடுதலைப் பத்திரம் பதிவு செய்யலாம். ஆனால் முழுவதையும் படித்துக்காட்டுங்கள். வெற்றுத் தாளில் கைரேகை வாங்கும் வேலை மட்டும் வேண்டாம். வயதானவர், அவருக்கும் ஒரு பிடிமானம் வேண்டும்.

கும்பகோணத்துப் பெண்:
சரி சார். வங்கி டெபாசிட்டுக்குத் தம்பிதான் நாமினி. அது அவனுக்கா?

ஆவண எழுத்தர்:
பணத்தை வாங்கும் உரிமைதான் நாமினிக்கு. பங்கு அதே நான்குதான். முதலில் தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்குங்கள், அப்புறம் நான்கு பேர் பெயரிலும் கூட்டுப் பட்டா.

கும்பகோணத்துப் பெண்:
இன்று இ-சேவை மையம் போனோம். தம்பி நிரப்பிய படிவத்தில் மூன்று பெயர்தான் இருந்தது. அம்மாவே பேனாவை வாங்கி, அப்பாயி பெயரை எழுதினார். தம்பி ஒன்றும் சொல்லவில்லை. அப்பாயியிடம் பத்திரம் பற்றி இன்னும் பேசவில்லை, வருஷத் திதி முடியட்டும் என்று இருக்கிறோம்.