மெலாகா என்பதற்கு 'வேலை' போதுமா? 'ஆக்கவினை' என்று வைக்கலாமா?

வணக்கம்.

யூதர்களின் ஓய்வுநாளான ஷபாத்தைப் பற்றிய எபிரேயச் சொற்களைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்ற நம் உரையாடலைத் தொடர்கிறேன். அந்நாளில் செய்யக்கூடாது என்று விலக்கப்பட்ட செயலைக் குறிப்பது 'மெலாகா'. அதற்கு முன் ஒன்று: 'ஓய்வுநாள்' என்ற சொல்லையே மாற்றலாம் என்று ஐயா எழுதியிருந்தார்கள். அது வேண்டாம் என்று எனக்குப் படுகிறது. ஷபாத் என்ற எபிரேயச் சொல்லின் வேரில் இருப்பது நிறுத்துதல்; களைப்பாறுதல் அதற்குப் பின்னால் வருவது. மழை ஓய்ந்தது, சண்டை ஓய்ந்தது என்கிறோமே, அங்கே யாரும் களைப்பாறவில்லை. நடந்துகொண்டிருந்தது நின்றது. ஆதியாகமம் 2ஆம் அதிகாரத்தில் கடவுள் ஏழாம் நாளில் ஓய்ந்தார் என்பதும் இப்படித்தான். நல்ல சொல், அப்படியே இருக்கட்டும்.

எது ஓய வேண்டும் என்பதில்தான் சிக்கல். வேதாகமத்தில் ஓய்வுநாள் கட்டளை வரும் யாத்திராகமம் 20:9, 10 வசனங்களைப் பாருங்கள். எபிரேயத்தில் இரண்டு வேர்கள் வருகின்றன. ஆறு நாள் உழைக்கலாம் என்னும் இடத்தில் உழைப்பைக் குறிக்கும் 'அவோதா'வின் வேர். அடிமையைக் குறிக்கும் 'எவெத்' என்ற சொல்லும் அதிலிருந்து வந்ததுதான். ஏழாம் நாளில் விலக்கப்படுவது 'மெலாகா'. நம் பழைய மொழிபெயர்ப்பில் மெலாகா 9ஆம் வசனத்தில் 'கிரியை', அடுத்த வசனத்திலேயே 'வேலை'. ஒரே சொல் என்று தமிழில் படிப்பவருக்குத் தெரிய வழியே இல்லை.

'வேலை' என்றால் உடல் உழைப்புதான் நினைவுக்கு வரும். ஆனால் வீட்டுக்குள்ளேயே கனமான மேசையை வியர்க்க வியர்க்க நகர்த்தினாலும் அது மெலாகா ஆகாது. உட்கார்ந்த இடத்தில் இரண்டே இரண்டு எழுத்து எழுதினால் மெலாகா. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா, 'நாற்பதுக்கு ஒன்று குறைவாக', அதாவது 39 மெலாகாக்களைப் பட்டியலிடுகிறது. முதல் பதினொன்றும் ஓர் அப்பத்தின் கதை: விதைத்தல், உழுதல், அறுத்தல், கட்டுக் கட்டுதல், போரடித்தல், தூற்றுதல், பொறுக்குதல், அரைத்தல், சலித்தல், பிசைதல், சுடுதல். அப்புறம் ஆட்டு மயிர் கத்தரிப்பதிலிருந்து துணி வரை. பிறகு தோல், எழுத்து, கட்டடம், நெருப்பு. பாலைவனத்தில் ஆசரிப்புக் கூடாரம், அதாவது இஸ்ரவேலரின் வழிபாட்டுக் கூடாரம், அமைக்கத் தேவைப்பட்ட தொழில்கள் இவை என்பது யூத அறிஞர்களான ரபிகளின் விளக்கம். யாத்திராகமம் 31இல் கூடார வேலைக்கான கட்டளைகள் முடிந்த கையோடு ஓய்வுநாள் கட்டளை வருவதை அதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். இருப்பதை மாற்றிப் புதிதாக ஒன்றை உண்டாக்குவதே மெலாகா.

ஆகவே என் முன்மொழிவு: ஆக்கவினை. 'சோறு ஆக்கு' என்று இன்றும் வீட்டில் சொல்கிறோம். உலை வைப்பது முதல் உலகைப் படைப்பது வரை தாங்கக்கூடிய சொல் 'ஆக்கு'. 'ஆக்கத்தொழில்' என்றால் ஆலை, முதலீடு என்று எண்ணம் போய்விடும். 'செய்வினை' வேண்டவே வேண்டாம், காரணம் உங்களுக்கே தெரியும்.

'இடிப்பதும் அழிப்பதும்கூடப் பட்டியலில் உண்டே, அது எப்படி ஆக்கம்?' என்று தோழி கேட்டிருந்தார். மிக நல்ல கேள்வி. மிஷ்னாவே பதில் சொல்கிறது. ஓய்வுநாளில் ஒன்றை வெறுமனே கெடுப்பவர் குற்றவாளி அல்லர்; சீர்செய்வதற்காகக் கெடுப்பவரே குற்றவாளி. பட்டியலில் உள்ள அழித்தலும் 'இரண்டு எழுத்து எழுதுவதற்காக அழித்தல்'தான். அழிப்பிலும் ஆக்கத்தைத் தேடுகிறார்கள். இந்த இடத்தைப் படித்த பிறகுதான் எனக்கு இந்தச் சொல்லில் முழு நம்பிக்கை வந்தது.

கடைசி மெலாகாதான் முரண்டு பிடிக்கிறது: ஓர் எல்லையிலிருந்து இன்னோர் எல்லைக்குப் பொருளைச் சுமந்து செல்லுதல். எரேமியா 17இல் எருசலேம் வாசல்களில் சுமை கொண்டுவராதீர்கள் என்பதும் இதுவே. இதில் எதுவும் ஆக்கப்படவில்லை. இடைக்கால உரையாசிரியர்களே இதை 'வலுவற்ற மெலாகா' என்றார்கள். மூலமொழியிலேயே இடறும் இடத்தில் நம் சொல்லும் இடறினால் குறையில்லை.

அடுத்தது, 'அவ் மெலாகா', 'தோலதா': பட்டியலில் உள்ள மூல மெலாகாவும் அதிலிருந்து கிளைக்கும் செயலும். எபிரேயத்தில் தகப்பன், பிள்ளை என்று பொருள். விதைத்தல் தகப்பன் என்றால், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது அதன் பிள்ளை. தமிழில் தாய்வினை, சேய்வினை என்று வைக்கத்தான் முதலில் ஆசைப்பட்டேன். சொல்லிப் பார்த்தால் சேய்வினை, செய்வினை போலவே காதில் விழுகிறது! எனவே தலைவினை, கிளைவினை.

அவோதாவுக்கு 'உழைப்பு' போதும் என்று நினைக்கிறேன். ஆனால் உபாகமம் 5இல் ஓய்வுநாளுக்குச் சொல்லப்படும் காரணம் படைப்பு அல்ல, எகிப்தில் அடிமையாயிருந்ததை நினைவுகூர்வது. உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப் போலவே இளைப்பாற வேண்டும் என்கிறது அது. அடிமைத்தனத்தின் அந்தச் சாயலை 'உழைப்பு' கொண்டுவரவில்லை. 'ஊழியம்' கொண்டுவருமா? திருச்சபை வழக்கில் அதற்கு இப்போது வேறு மணம் ஏறிவிட்டதே என்று தயங்குகிறேன். ஐயா இதைப் பற்றி எழுதினால் நன்றாயிருக்கும்.