சாஃப்ட்னர் மாட்டியும் டி.டி.எஸ். குறையவில்லை: ஏமாற்று வேலையா?

சூலூர்வாசி:
எங்கள் வீட்டில் குளிக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர்தான். ஷவர் துளைகள் வெள்ளை பூத்து அடைத்துக்கொள்கின்றன. கீசர் காயிலை மாற்றி மாளவில்லை. பக்கத்து வீட்டில் சாஃப்ட்னர் (கடின நீரை மென்மையாக்கும் மெஷின்) மாட்டியிருக்கிறார்கள். அங்கே போய் டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் மீட்டரை விட்டுப் பார்த்தேன். மெஷினுக்கு முன்னால் டி.டி.எஸ். 1,400, பின்னாலும் கிட்டத்தட்ட அதேதான். இதற்கா இவ்வளவு பணம்?

பழைய சாயக்காரர்:
தம்பி, குறையாது. குறைந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். திருப்பூர் சாயப்பட்டறையில் பல வருடம் இந்த மெஷினோடு குடித்தனம் நடத்தியவன் சொல்கிறேன். உள்ளே இருக்கும் ரெசின் என்கிற பிளாஸ்டிக் மணிகள், கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துவைத்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. உப்பு ஆள் மாறுகிறது, அளவு மாறுவதில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது கடினத்தன்மை, அதாவது அந்தக் கால்சியமும் மெக்னீசியமும் எவ்வளவு என்பது. அதைச் சோதிக்கச் சொட்டு மருந்துப் பெட்டி கிடைக்கும். கடின நீரில் முதல் மருந்து ஒயின் நிறமாகச் சிவக்கும். இரண்டாவது மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட, ஏதோ ஒரு சொட்டில் சட்டென நீலத்துக்குத் தாவும். அதுவரை எத்தனை சொட்டு என்பதுதான் கணக்கு. சாஃப்ட்னர் தண்ணீரில் முதலிலேயே நீலமாக வந்தால் மெஷின் வேலை செய்கிறது.

என் வீட்டுக்கு வாங்கும்போது விற்க வந்தவர் "எத்தனை பாத்ரூம்?" என்று மட்டும் கேட்டார். எனக்குக் கோபமே வந்துவிட்டது. கேட்க வேண்டியது இரண்டு: கடினத்தன்மை எவ்வளவு, ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர். லிட்டருக்கு 600 மி.கி. கடினம், தினம் 600 லிட்டர் செலவு என்றால் நாளுக்கு 360 கிராம். ஒரு லிட்டர் ரெசின் சுமார் 50 கிராம் தாங்கும். 25 லிட்டர் ரெசின் மூன்று நாள் வரும். பிறகு ரெசின் மறுபடி வேலை செய்ய, உப்புக் கரைசல் விட்டுக் கழுவ வேண்டும். சின்ன மெஷின் மலிவுதான். ஆனால் தினமும் உப்பு மூட்டையோடு நிற்பது யார்?

வால்வு, ஓடிய லிட்டரை அளந்து கழுவுகிற வகையாக இருக்கட்டும். டைமர் வகை, வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனாலும் கடமை தவறாமல் உப்பைக் கரைத்துக்கொண்டிருக்கும். தண்ணீரில் பழுப்புக் கலங்கல் இருந்தால் முதலில் இரும்பு ஃபில்டர். இல்லாவிட்டால் ரெசின் வீணாகிவிடும்.

காளப்பட்டி மீனா:
குழாயின் மேல் மாட்டுகிற காந்தக் கருவி போதும், உப்பே வேண்டாம் என்கிறார்களே, ஐயா?

பழைய சாயக்காரர்:
அதற்கு முன்னும் பின்னும் சொட்டு மருந்து விட்டுப் பாருங்கள் அம்மா. இரண்டு பக்கமும் ஒரே எண்தான் வரும்.

சூலூர்வாசி:
நன்றி ஐயா. பிளம்பரிடம் என்ன சொல்ல வேண்டும்? குடிக்க ஊர்க் குழாயில் தண்ணீர் வருகிறது. தட்டுப்பாடு வந்தால் போர் தண்ணீரை ஆர்.ஓ.வில் விட்டுக் குடிப்போம்.

பழைய சாயக்காரர்:
செடிகளுக்குப் போகும் குழாயை மெஷினுக்கு முன்னாலேயே பிரித்துவிடச் சொல்லுங்கள். 600 கடினத்தை மாற்றினால் லிட்டருக்கு 270 மி.கி.க்கு மேல் சோடியம் ஏறும். அதை அப்படியே குடிப்பது ரத்த அழுத்தக்காரர்களுக்கு ஆகாது. ஆர்.ஓ. இருப்பதால் சமையலறைக்கு விடலாம், அதன் வடிகட்டும் சவ்வான மெம்பிரேனுக்கும் நல்லது. கழுவிய உப்புநீர் சாக்கடைக்குத்தான், தென்னைக்கு வேண்டாம். மெஷினுக்குள் போகாமல் தண்ணீரைத் திருப்பிவிடும் பைபாஸ் வால்வு ஒன்றைக் கட்டாயம் வைக்கச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் வைக்க மாட்டார்கள்.