நின்ற வண்டியில் ஓடும் எஞ்சின்: ஒரு சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

சரக்கு ரயில்கள் இயக்கத்தைச் சீர்செய்து கரிம வெளியேற்றத்தைக் குறைக்கும் வழிகளைப் பற்றி, சிங்கப்பூரின் உயர்நிலை 4 மாணவர்களுக்கு ஒரு வாசிப்புப் பகுதி எழுதி வருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் அச்சுக்குப் போக வேண்டும். பாதையின் ஏற்ற இறக்கத்தை முன்கூட்டிக் கணித்து, இழுவிசையை நிறுத்தி வண்டியைத் தானாக உருளவிடுவதை 'விசைவிடு ஓட்டம்' என்று எழுதிவிட்டேன். வண்டி நிற்கும்போதும் டீசல் எஞ்சின் அணையாமல் ஓடுகிறதே, அந்த 'ஐட்லிங்' என்பதற்குத்தான் சொல் அமையவில்லை.

— ஈசூன் ஆசிரியை

*

ஆசிரியை அவர்களுக்கு,

'வெற்றியக்கம்' என்று எழுதுங்கள். வெறுமை என்பதோடு இடம் சேரும்போது ஈறு கெட்டு, ஒற்று இரட்டி, வெற்றிடம் ஆகிறது; அதே வழியில் இதுவும் அமையும். வெற்றுரை, வெற்றுடல் எல்லாம் இந்த வேரினவே. பூவும் காயும் தராமல் இலையாக மட்டுமே பயன்படுவதால் வெற்றிலை என்று பெயர் வந்ததாகவும் சொல்வர். பயன் விளையாத இயக்கத்திற்கு இதைவிடப் பொருத்தமான வேர் கிடைக்காது.

— தோ பாயோ

*

ஐயா, புணர்ச்சியில் பிழையில்லை. ஆனால் மாணவர் கண்ணுக்கு அது வெற்றி இயக்கமாகத்தான் தெரியும்.

அதைவிடப் பெரிய தடை, அந்த வேர் இதே பாடத்தில் வேறொன்றுக்குத் தேவைப்படுகிறது என்பது. நிலக்கரிப் பெட்டிகள் சுரங்கத்திலிருந்து நிறைந்து போய், திரும்பும்போது பெரும்பாலும் காலியாகவே வருகின்றன. மேல்மூடி இல்லாத காலிப் பெட்டிக்குள் காற்று சுழல்வதால், நிறைந்த பெட்டியைவிட அதற்குக் காற்றுத்தடை அதிகம். திரும்பும் வழியில் சரக்கு தேடிக்கொடுப்பது இயக்கத் திட்டமிடுவோரின் தலையாய வேலைகளில் ஒன்று. அந்தக் காலிப் பயணத்துக்குத்தான் 'வெற்றோட்டம்' பொருந்தும். இரண்டுக்கும் ஒரே வேரைக் கொடுத்தால், பெட்டி காலியா, எஞ்சின் வீணாக ஓடுகிறதா என்று மாணவர் குழம்பிப்போவார்.

எஞ்சின் ஓடுவதும் முழுக்கப் பயனற்றதன்று. அமெரிக்க ரயில் எஞ்சின்களில் பெரும்பாலும் உறைதடுப்பி கலக்காத நீரே குளிர்விப்பானாகச் சுற்றுகிறது. கடுங்குளிரில் அணைத்துவிட்டால் நீர் உறைந்து எஞ்சினில் விரிசல் விழும். பிரேக்குக்குரிய காற்றழுத்தமும் குறையாதிருக்க வேண்டும். இதனால் மணிக்கணக்கில் ஓடவிடும் வழக்கம் வந்தது. இப்போது நீரின் வெப்பம், மின்கல மின்னேற்றம், காற்றழுத்தம் ஆகியவற்றைக் கண்காணித்து, தேவையற்றபோது எஞ்சினை அணைத்து, தேவை வந்ததும் தானே முடுக்கும் கருவிகள் பொருத்தப்படுகின்றன. எஃகின்மேல் எஃகு உருள்வதால் ஒரு கேலன் டீசலில் ஒரு டன் சரக்கை 450 மைலுக்கு மேல் கொண்டுசெல்லும் வண்டி, நின்ற இடத்தில் டீசலை எரிப்பதைத் தடுப்பதே அக்கருவியின் நோக்கம். ஆகவே பெயரில் 'பயனற்ற' என்னும் தீர்ப்பு வேண்டாம். நிற்கிறது, இயங்குகிறது என்ற இரண்டு செய்திகள் போதும். 'நின்றியக்கம்' என்பது என் பரிந்துரை.

— ஜூரோங், கப்பல் பட்டறையில் டீசல் எஞ்சின்களோடு வாழ்ந்தவன்

*

வெற்றோட்டத்தைக் காலிப் பெட்டிகளுக்கு விட்டுத்தருகிறேன். ஆனால் 'நின்று' வினையெச்சம். அது வினையைக் கொண்டு முடிய வேண்டும். 'இயக்கம்' என்ற பெயரோடு ஒட்டவைப்பது செவிக்கு இடறுகிறது. மேலும் 'நின்றியக்கம்' என்னும்போது உள்ளே 'இன்றி' ஒலித்து, இயக்கமே இல்லை என்ற பொருளைத் தந்துவிடும். 'நின்றியங்கல்' என்றாவது ஆக்குங்கள். இல்லையேல் 'சும்மா' என்று பொருள்தரும் பழஞ்சொல்லான 'வாளா' இருக்கிறது, 'வாளாவியக்கம்' எனலாம்.

— தோ பாயோ

*

வாளா என்றால் என் மகன் வாளைத் தேடுவான். பட்டறையிலும் பேருந்து முனையத்திலும் "எஞ்சின் சும்மா ஓடுது" என்றுதான் சொல்கிறோம். நிறுத்திய வாகனத்தின் எஞ்சினை அணைக்காமல் விடுவது பொதுவாக இங்கே குற்றம். மாணவர் அன்றாடம் காணும் லாரிக்கும் இதே சொல் பொருந்த வேண்டாமா? எம்ஆர்டிக்கு நாம் வைத்த 'பெருவிரைவு ரயில்' என்ற பெயர், தமிழ் அடைமொழியோடு ரயிலையும் வைத்துக்கொண்டு நிலைத்துவிட்டது. 'சும்மா ஓடுதல்' என்றே எழுதலாம்.

— பாசிர் ரிஸ்

*

அனைவருக்கும் நன்றி. 'சும்மா ஓடுதல்' உடனே புரிகிறது. ஆயினும் "நின்றியக்கத்தைக் குறைக்கும் கருவி" என்பதுபோல் தொடரில் சேர்த்து எழுத எனக்குப் பெயர்ச்சொல் தேவைப்படுகிறது. எழுதிய ஏழு பேரில் நால்வர் ஏற்றதால் பாடத்தில் 'நின்றியக்கம்' என்றும், முதல் இடத்தில் மட்டும் 'அதாவது வண்டி நிற்கும்போது எஞ்சின் சும்மா ஓடுதல்' என்றும் எழுதியிருக்கிறேன். பகுதி நேற்றிரவு அச்சுக்குப் போய்விட்டது.

— ஈசூன் ஆசிரியை

*

அச்சுக்குப் போனதை மாற்றச் சொல்லவில்லை. மறுபதிப்பு வரும்போது 'நின்றியங்கல்' என்பதை மீண்டும் எண்ணிப் பாருங்கள். என் மறுப்பு அப்படியே இருக்கிறது.

— தோ பாயோ