நானோ பேஸ்ட்: டென்டினைக் காக்கிறதா, கூச்சத்தை மட்டும் அடக்குகிறதா?

எழிலன்:
எதுக்களிப்பால் அமிலம் வாய்வரை ஏறி எனாமல் தேய்ந்து, அதற்கு அடியில் உள்ள டென்டின் படலம் வெளியே தெரியும் ஆள் நான். நானோ ஹைட்ராக்ஸிஅபடைட், அதாவது பல் கனிமத்தின் மிக நுண்ணிய துகள்கள் கலந்த பேஸ்ட்டுக்கு மாறியதும் பல் கூச்சம் போய்விட்டது. டென்டினின் நுண்குழாய்கள் 1 முதல் 3 மைக்ரான் அகலம். இந்தத் துகள்கள் 100 நானோமீட்டருக்கும் சிறியவை. உள்ளே புகுந்து அடைத்துவிடுகின்றன. இனி அமிலம் பல்லைக் கரைக்கும் அரிப்பும் நிற்கும், ஃப்ளோரைடைக் கைவிடலாம் என்பது என் கட்சி.

குறுக்குக்கேள்வி:
கூச்சம் போனது சரி, அரிப்பு நின்றது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? குழாய்க்குள் திரவம் அசைவதால் கூச்சம் வருகிறது. வழியை அடைத்தால் அசைவு குறையும், அவ்வளவுதான். அடைத்திருப்பதோ பல்லில் உள்ள அதே வகைக் கனிமம். எனாமல் கரைய பிஎச் (இது குறையக் குறைய அமிலம் கடுமை) சுமார் 5.5-க்குக் கீழே இறங்க வேண்டும், டென்டினுக்கு 6.2 - 6.7 அளவே போதும். இரைப்பை அமிலத்தின் பிஎச் 1 - 2. பல்லையே கரைக்கிற அமிலம் அந்த அடைப்பை மட்டும் விட்டுவைக்குமா?

எழிலன்:
கரையட்டுமே! துகள் கரையும்போது அமிலத்தில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்கிறது. போவது பேஸ்ட், பல் இல்லை. ஜப்பானில் 1980-லேயே விற்பனைக்கு வந்த சரக்கு இது. 1993-ல் சொத்தைத் தடுப்புப் பொருளாக அங்கே அங்கீகாரமும் பெற்றது.

குறுக்குக்கேள்வி:
சொத்தைக்குக் கிடைத்த சான்றிதழை அரிப்புக்கு ஏன் காட்டுகிறீர்கள்? ஆரம்பச் சொத்தையில் மேற்பரப்பு மிஞ்சியிருக்கும், அடியில் கனிமம் திரும்பப் படிய இடம் உண்டு. அரிப்பில் அந்த மேற்பரப்பே போய்விடுகிறது.

பல்வைத்தியர்:
இரண்டு பேரும் டென்டினை வெறும் கல்லாக நினைத்துப் பேசுகிறீர்கள். எடையில் சுமார் 70% கனிமம், 20% கரிமப் பொருள், மீதி நீர். அந்தக் கரிமத்தில் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரத இழை. அமிலம் கனிமத்தைக் கரைத்த பிறகும் கொலாஜன் வலை கொஞ்ச காலம் நிற்கும்; அடுத்த அமிலம் உள்ளே ஊறுவதைத் தாமதப்படுத்தும். எம்எம்பி எனப்படும் நொதிகள் அதைச் சிதைத்தால் அந்தத் தடுப்பும் போச்சு.

நானோ ஆய்வுகளில் என்னைக் கவர்வது இந்த இடம்தான். நுண்துளை கொண்ட சிலிக்கா துகளில் குளோர்ஹெக்சிடின் போன்ற நொதித்தடுப்பானை ஏற்றி, குழாய்க்குள் நிறுத்தி, மெல்லக் கசியவிடுகிறார்கள். ஆனால் பெரும்பாலும் பிடுங்கிய பல்லிலும் மாட்டுப் பல்லிலும் செய்த சோதனைகள். வெள்ளித் துகள்களையும் முயல்கிறார்கள், பல் கறுத்துவிடும் கவலை அதில் உண்டு. இன்று அரிப்புக்கு நான் எழுதித் தருவது ஸ்டானஸ் ஃப்ளோரைடு (வெள்ளீயம் சேர்ந்த ஃப்ளோரைடு) பேஸ்ட். வெள்ளீயம் செறிந்த ஒரு படலம் பல்மேல் உருவாகிறது, அமிலத்தில் அது அவ்வளவு எளிதாகக் கரையாது.

எழிலன்:
அதுவும் பல்லில் கறை படிய வைக்குமே டாக்டர்?

பல்வைத்தியர்:
சிலருக்குப் படியும். சுத்தம் செய்தால் போகும். கரைந்த டென்டின் திரும்பாது.

குறுக்குக்கேள்வி:
எழிலன், நானோவையும் சேர்த்துப் போடுங்கள், யார் தடுத்தது? 'ஃப்ளோரைடைக் கைவிடலாம்' என்ற வரியைத்தான் எதிர்க்கிறேன். அப்புறம், அமிலம் ஏறுவதற்கு என்ன வைத்தியம் பார்க்கிறீர்கள் என்று இன்னும் சொல்லவில்லை.

எழிலன்:
மாத்திரை சாப்பிடுகிறேன். அந்த வரியை இப்போதைக்கு நிறுத்தி வைக்கிறேன், வாபஸ் இல்லை. அமிலம் ஏறும் வாய்களில் இரண்டு பேஸ்ட்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு, டென்டின் இழப்பை அளந்த ஆய்வு ஒன்றைக் காட்டுங்கள், அப்புறம் பேசலாம்.